பொருளா, அட்டையா, பணமா: உணவு உதவியின் மூன்று வடிவங்களும் அவற்றின் மீது படும் பார்வையும்

குறைந்த வருமானத்தில் வாழும் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்கு உதவ வேண்டுமா என்று கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் வேண்டும் என்றே சொல்வார்கள். அந்த உதவியைத் தானியமாகக் கொடுப்பதா, உணவுக்கு மட்டும் செல்லுபடியாகும் அட்டையாகக் கொடுப்பதா, வெறும் பணமாகக் கையில் கொடுத்துவிடுவதா என்று கேட்ட மறுகணமே கருத்துகள் பிரிந்துவிடுகின்றன. பிரிவுக்குக் காரணம் பெரும்பாலும் செலவுக் கணக்கு அல்ல; உதவி பெறுபவரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றி நாம் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் முடிவுதான். ஆகவே மூன்று வடிவங்களையும் இரண்டு அளவுகோல்களால் ஒப்பிட விரும்புகிறேன்: ஒரு குடும்பத்தின் மாத மளிகைக் கணக்கில் அந்த உதவி என்ன மாற்றத்தைச் செய்கிறது, அதைப் பெறுபவரை மற்றவர்கள் எந்தக் கண்ணால் பார்க்கும்படி செய்கிறது.

இந்தப் பார்வை எவ்வளவு எளிதில் மாறக்கூடியது என்பதற்கு அமெரிக்காவின் பொதுச் சமூகக் கருத்தாய்வு நல்ல சான்று. அரசு ஏழைகளுக்கு உதவுவதற்குப் போதிய அளவு செலவிடுகிறதா என்று ஒரு பகுதியினரிடமும், அதே கேள்வியை 'நலத்திட்டம்' (ஆங்கிலத்தில் welfare) என்ற சொல்லைப் போட்டு இன்னொரு பகுதியினரிடமும் அந்த ஆய்வு 1980-களிலிருந்து கேட்டு வருகிறது. ஏழைகளுக்கு உதவி என்று கேட்கும்போது 'போதவில்லை' என்று சொல்பவர்கள் மிகப் பலர். நலத்திட்டம் என்று கேட்கும்போது அவர்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறார்கள். சொல் மாறினால், மனக்கண்ணில் தோன்றும் ஆளும் மாறிவிடுகிறார். இது புதிய பழக்கமும் அல்ல. இங்கிலாந்தின் பெர்க்ஷயரில் 1795-இல் கூடிய நீதிபதிகள், ரொட்டியின் விலைக்கும் குடும்பத்தின் அளவுக்கும் ஏற்பக் கூலியோடு உதவித்தொகை சேர்த்துத் தரும் முறையை வகுத்தார்கள். 1834-இல் வந்த புதிய ஏழைகள் சட்டமோ, உதவி பெறுபவரின் நிலை மிகக் குறைந்த கூலி பெறும் தொழிலாளியின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்ற கொள்கையின் மீது எழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்குள் 'ரொட்டி விலை என்ன?' என்ற கேள்வி போய், 'இவருக்கு இது தகுமா?' என்ற கேள்வி வந்துவிட்டது. இன்றுவரை எல்லா விவாதங்களும் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவேதான் ஊசலாடுகின்றன.

வடிவங்களுக்குப் போகும் முன், குறைந்த வருமானத்தில் மளிகைக் கணக்குப் போடுவது எப்படிப்பட்ட வேலை என்பதைச் சொல்லியாக வேண்டும். குடும்பம் எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்கு வருமானத்தில் பெரும்பங்கு உணவுக்குப் போகும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் காட்டினார். ஆனால் வாடகையைக் குறைக்க முடியாது, மின்கட்டணத்தைத் தள்ளிப்போட்டால் இணைப்பு துண்டிக்கப்படும், கடன் தவணையை விட்டால் வட்டி ஏறும். குடும்பத்தின் கையில் வளைக்கக்கூடியதாக மிஞ்சுவது சாப்பாட்டுச் செலவு ஒன்றுதான். வேறு எந்தச் செலவு கூடினாலும் வெட்டு விழுவது அடுப்படியில்தான். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். மொத்தமாக வாங்கும் பணம் ஒரே நாளில் கையில் இருந்ததில்லை என்பதால் சிறு பொட்டலமாக வாங்கி, கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் அவர்களே. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலவைச் சுருக்கும் இந்தத் திறமையைப் பார்த்த பிறகும், 'இவர்களுக்குச் செலவழிக்கத் தெரியாது' என்று சொல்வது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

இனி பொருளாகத் தரும் உதவி. அதன் மிகப் பெரிய பலம், விலை உயரும்போது தெரியும். ஐந்து கிலோ தானியம் என்று சட்டம் சொன்னால், சந்தையில் விலை இரட்டித்தாலும் வீட்டுக்கு வருவது ஐந்து கிலோதான். இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ என்று எடையில் உரிமையை எழுதியதன் பொருள் அதுவே. அதே உதவியைப் பணத் தொகையாக எழுதியிருந்தால், விலையேற்றத்தின் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுந்திருக்கும். இன்னொரு பலன் மெக்சிகோவில் தெரிய வந்தது. அங்கே 2000-களில் தொடங்கிய உணவு ஆதரவுத் திட்டத்தில் சில கிராமங்களுக்கு உணவுப் பெட்டியும் சில கிராமங்களுக்குப் பணமும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. பணம் வந்த ஊர்களோடு ஒப்பிட்டால், உணவு வந்த ஊர்களில் உள்ளூர் விலை குறைந்தது. போக்குவரத்து எட்டாத ஒதுக்குப்புற ஊர்களில் இந்த வேறுபாடு மேலும் தெளிவாக இருந்தது. வணிகர்கள் சிலரே இருக்கும் இடத்தில் எல்லோர் கையிலும் பணம் வந்தால் அதில் ஒரு பங்கை விலையே விழுங்கிவிடும் என்பது இதிலிருந்து புரிகிறது.

பலவீனமும் சிறியது அல்ல. வரும் பொருள் அளவில் குறையலாம், தரத்தில் தாழலாம், குறித்த நாளில் வராமலும் போகலாம். சுமந்து வர வேண்டும், வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியை விட வேண்டும், என்ன சமைப்பது என்பதை வேறொருவர் முடிவு செய்வார். பொருளா பணமா என்ற கேள்விக்கு மக்களே சொன்ன பதில் இங்கே கவனிக்கத்தக்கது. இந்தியாவில் ஒன்பது மாநிலங்களில் 2011-இல் நடந்த ஆய்வில் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் தானியத்தையே விரும்பின. ஆனால் ரேஷன் கடைகள் ஒழுங்காக நடக்காத பீகாரில் பணத்தை விரும்பியவர்கள் அதிகம். அதாவது விருப்பம் கொள்கையிலிருந்து வரவில்லை, வாங்கிய அனுபவத்திலிருந்து வந்தது. கடை நம்பகமாக இருந்தால் மக்கள் பொருளைக் கேட்கிறார்கள்.

அட்டையின் கதை நீண்டது. அதில்தான் பொது மனப்பான்மையின் தடம் மிக அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. இன்றைய அட்டைக்கு முன்னோடி, உணவு வாங்க மட்டும் செல்லும் காகித முத்திரை. அமெரிக்காவின் முதல் உணவு முத்திரைத் திட்டம் 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் தொடங்கியது. குடும்பம் தன் வழக்கமான உணவுச் செலவுக்கு ஈடாக ஆரஞ்சு நிற முத்திரைகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட் மதிப்புள்ள நீல முத்திரைகள் இலவசமாகக் கிடைக்கும். நீல முத்திரையைக் கொண்டு அரசு உபரி என்று அறிவித்த விளைபொருள்களை மட்டுமே வாங்கலாம். ஏழைக்கு உணவும் உழவருக்குச் சந்தையும் என்று ஒரே கல்லில் இரண்டு காய்களை அடிக்கும் ஏற்பாடு அது. 1964-இல் உணவு முத்திரைச் சட்டம் நிரந்தர வடிவம் தந்தபோதும், முதலில் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற நிபந்தனை நீடித்தது. மாதத் தொடக்கத்தில் ஒரு தொகையைப் புரட்ட முடியாத குடும்பம், அதாவது உதவி மிகவும் தேவைப்பட்ட குடும்பம், வெளியே நின்றது. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிபந்தனையை நீக்கியது. அது நடைமுறைக்கு வந்த 1979 ஜனவரியில் பயனாளிகளின் எண்ணிக்கை முந்தைய மாதத்தைவிட 15 லட்சம் கூடியது. தகுதி இருந்தும் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் அத்தனை பேர்.

காகித முத்திரை காலத்தில், பில் போடும் இடத்தில் அதைக் கிழித்துக் கொடுப்பதைப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். 2004-க்குள் நாடு முழுவதும் மின்னணு அட்டை வந்தது. வங்கி அட்டையைப் போல இயந்திரத்தில் இழுத்துவிட்டுப் போகலாம் என்ற இந்த ஒரு மாற்றம், சிறிதாகத் தோன்றினாலும், மானத்தைப் பொறுத்தவரையில் பெரிய மாற்றம் என்பேன். எனினும் அட்டை முழுதாக மறைத்துவிடுவதில்லை. சோப்பு, குழந்தையின் டயப்பர், சூடான தயார் உணவு ஆகியவை இதில் வராது. ஆகவே கூடையை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை பணம் செலுத்தும்போது, அடையாளம் மறுபடியும் வெளிப்பட்டுவிடுகிறது.

அந்தக் கூடைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் ஓயாத சர்ச்சை. இனிப்புக் குளிர்பானத்தை விலக்க அனுமதி வேண்டும் என்று நியூயார்க் நகரம் 2010-இல் கேட்டதை மத்திய வேளாண்மைத் துறை மறு ஆண்டு நிராகரித்தது. 2025 மே மாதத்தில் அதே துறை நெப்ராஸ்கா மாநிலத்துக்கு அத்தகைய அனுமதியை முதன்முறையாக அளித்தது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. குளிர்பானம் உடலுக்கு நல்லது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தத் துறை 2016-இல் வெளியிட்ட ஆய்வு, உதவி பெறும் குடும்பங்களும் பெறாத குடும்பங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வாங்குகின்றன என்று காட்டியது: இரு சாராரும் ஒரு டாலரில் சுமார் 40 சென்ட்டை இறைச்சி, காய், பழம், பால், முட்டை, ரொட்டி போன்றவற்றுக்கும், சுமார் 20 சென்ட்டை இனிப்புப் பானம், மிட்டாய், நொறுக்குத்தீனி, சர்க்கரைக்கும் செலவிட்டார்கள். பழக்கம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, ஒரு சாராரின் கூடை மட்டும் சோதனைக்கு உள்ளாகிறது. உடல்நலம்தான் அக்கறை என்றால், எல்லோருடைய கூடையையும் தொடும் வரியோ விதியோ நேர்மையான வழி.

அட்டைக்கு ஆதரவான வலுவான சான்றையும் மறைக்கக் கூடாது. குடும்பம் ஏற்கெனவே அட்டைத் தொகையைவிட அதிகமாக உணவுக்குச் செலவிட்டுக்கொண்டிருந்தால், அட்டை வந்ததும் முன்பு உணவுக்குப் போன ரொக்கம் விடுபட்டு வேறு செலவுக்குப் போகும். ஆகவே அட்டையும் பணமும் ஒன்றே என்பது பொருளியல் பாடம். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சில்லறை விற்பனைத் தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்தது. அட்டையில் வரும் ஒவ்வொரு டாலரிலும் 50 முதல் 60 சென்ட் வரை கூடுதல் உணவுச் செலவாக மாறியது. பணமாக வந்த டாலரிலோ 10 சென்ட்டுக்கு மேல் மாறவில்லை. மக்கள் அட்டைத் தொகையைத் தனிக் கணக்காகவே மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டின் அளவைக் கூட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் அட்டை வெல்கிறது. ஆனால் வாடகை பாக்கி நிற்கும் மாதத்தில், அந்தக் குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது கூடுதல் உணவுதானா என்று வெளியிலிருந்து சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பணம் பற்றிய முதல் அச்சம் குடியும் புகையும்தான். உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-இல் பல நாடுகளின் 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பண உதவியால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பல இடங்களில் அது குறைந்தே இருந்தது. ஈக்வடாரில் உணவு, உணவுக்கு மட்டும் செல்லும் சீட்டு, பணம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் சோதித்தது. கலோரி உணவாகத் தந்தபோது அதிகம் உயர்ந்தது, உணவின் வகைப்பன்மை சீட்டில் அதிகம் உயர்ந்தது, மூன்றிலும் குடும்பங்கள் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டன. கொண்டு சேர்க்கும் செலவில் உணவே மிகவும் விலை கூடியது. பணத்தின் உண்மையான குறை ஒழுக்கத்தில் இல்லை. விலையேற்றத்தில் அது கரைகிறது. தொகையை உயர்த்த ஒவ்வொரு முறையும் அரசியல் சண்டை தேவைப்படுகிறது.

தானமாக வந்த உணவைத் திரட்டி இலவசமாகத் தரும் உணவு வங்கியை நான்காவது வடிவமாகச் சேர்க்க எனக்கு மனமில்லை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-இல் தொடங்கிய அந்த எண்ணம் மனிதநேயத்தால் பிறந்தது. அங்கே உழைப்பவர்கள் மதிப்புக்குரியவர்கள். எனினும் இங்கிலாந்தின் பல உணவு வங்கிகளில் பரிந்துரைச் சீட்டோடு வந்தால் கிடைப்பது மூன்று நாள் உணவு. மூன்று நாளை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் ஒரு மாதத்தைத் திட்டமிட முடியாது. தானமாக வந்ததைக் கேட்டு வாங்குவதற்கும் உரிமையாக வந்ததை எடுத்துச் செல்வதற்கும் உள்ள தூரமும் பெரிது.

மூன்றில் எது என்று என்னைக் கேட்டால், கடைகள் பல இருந்து விலை ஓரளவு நிலையாக இருக்கும் இடத்தில் பணம். விலை வேகமாக ஏறும் இடத்திலும் கடை அருகில் இல்லாத இடத்திலும் எடையில் எழுதப்பட்ட பொருள். இரண்டுக்கும் அரசியல் ஆதரவு கிடைக்காத நாட்டில், விலக்குப் பட்டியல் இல்லாத அட்டை. வாக்காளர்கள் உணவுக்கு என்றால்தான் ஒப்புக்கொள்வார்கள் என்ற யதார்த்தத்தில், அட்டை ஒரு நியாயமான சமரசமே. ஆனால் வடிவத்தைப் பற்றி இத்தனை காலம் சண்டையிட்டதில், உதவியின் அளவையும் அது வரும் நாளையும் பற்றிய பேச்சு பின்தங்கிவிட்டது. அமெரிக்க அட்டையின் தொகை, சிக்கன உணவுத் திட்டம் என்று 1975-இல் வகுக்கப்பட்ட ஒரு கூடையின் விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. பல பத்தாண்டுகளாக விலைவாசிக்கு மேல் உயராமல் வைக்கப்பட்டிருந்த அந்தக் கூடை, 2021-இல் மக்கள் உண்மையில் எப்படிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பார்த்து மறுபடி கணக்கிடப்பட்டபோது, தொகை சுமார் 21 சதவீதம் உயர்ந்தது. மாதம் ஒருமுறை மட்டும் வரும் உதவியில், தொகை வந்த நாளிலிருந்து மாதக் கடைசிக்குள் உட்கொள்ளும் கலோரி 10 முதல் 15 சதவீதம் வரை குறைகிறது என்று 2005-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அதே தொகையை இரண்டு தவணையாகத் தருவதற்கு யாருடைய நடத்தையையும் சோதிக்கத் தேவையில்லை. அட்டையிலோ வங்கிக் கணக்கிலோ ஒரு தேதியைக் கூடுதலாகக் குறித்தால் போதும்.