தம்ப்நெயில் கருவி: படமா, இணைப்பா?

மட்டக்களப்புப் பழைய புகைப்படங்களைச் சிறுபடமாக (தம்ப்நெயில்) ஏஐ ஏஜென்ட், அதாவது கருவிகளைத் தானே பயன்படுத்தி வேலை செய்யும் ஏஐ, எடுத்துப் பார்க்க ஒரு கருவி செய்திருக்கிறோம். அது எதைத் திருப்பித் தருகிறது என்பதை ஏஜென்ட் படிக்கும் கருவி விளக்கக்குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

இணைப்பைத் தந்தால் சுமை குறைவு. ஆனால் ஏஜென்ட் அதைத் திறக்காத வரைக்கும் கையில் இருப்பது வெறும் கோப்புப் பெயர்தான். 'கல்லடி-3' என்ற பெயரை வைத்து அது மட்டக்களப்புக் கல்லடியின் பழைய இரும்புப் பாலமா, பக்கத்தில் வந்த புதுப் பாலமா என்று எப்படிச் சொல்வது?

படத்தையே பேஸ்64 ஆக, அதாவது கோப்பின் பைட்டுகளை எழுத்துகளாக மாற்றித் தந்தால், ஏஜென்ட் உடனே பார்த்துவிடும். 3 பைட் 4 எழுத்தாகப் பெருகும், சரி, சிறுபடத்துக்கு அது தாங்கும். என் தெரிவு இதுதான். அகல வரம்பையும், படம் கிடைக்காவிட்டால் வெற்றுப்படம் அல்ல, பிழைச்செய்தியே வரும் என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.