பர்ன்ஸ் வார்டுல 19 நாள், வலியை எப்படி பாத்துக்கிட்டாங்க (5க்கு 4)

கொதிக்கிற எண்ணெய் வலது கையிலயும் தொடையிலயும் கொட்டி 19 நாள் அட்மிட் ஆகியிருந்தேன். ஆஸ்பத்திரி பேரு வேணாம், ரூம் பார்க்கிங் பத்தியும் எழுதல, வலியை பத்தி மட்டும்தான், ஏன்னா அங்க படுத்திருக்கவனுக்கு வேற எதுவும் கண்ணுலயே படாது.

வந்தவுடனே மார்ஃபினை (பலமான வலி மருந்து) சதையில குத்தாம ஐவில, அதாவது நேரா ரத்தக்குழாய்ல போட்டாங்க. தீக்காயம் பட்ட புதுசுல ரத்த ஓட்டம் தாறுமாறா இருக்குமாம், சதையில போட்டா மருந்து எப்ப ஏறும்னு சொல்ல முடியாதாம். அப்புறம் பம்ப் வச்சாங்க, வலிச்சா பட்டனை நாமளே அமுக்கிக்கலாம், சும்மா சும்மா அமுக்கினாலும் மெஷின் அளவுக்கு மேல விடாது. மலச்சிக்கல் வரும்னு கூடவே அதுக்கும் மருந்து, அதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

ஆனா சும்மா கிடக்கறப்ப இருக்கிற எரிச்சல் வேற, டிரெஸ்ஸிங் பிரிக்கறப்ப வர்ற வலி வேற. முதல் தடவை கெட்டமின்னு அரை மயக்கத்துல வைக்கிற வலி மருந்து போட்டாங்க, சிஸ்டர் குரல் கிணத்துக்குள்ள இருந்து கேட்ட மாதிரி இருந்துச்சு, காயத்துல ஒட்டியிருந்த காஸ் துணி மேல சலைன் ஊத்தி நல்லா ஊறவச்சு ஓரத்துலேர்ந்து உரிச்சாங்க, பெருசா தெரியல. அஞ்சாம் நாள் வேற ஷிப்ட். மார்ஃபின் மாத்திரை குடுத்துட்டு தண்ணி டம்ளரை கீழ வைக்கறதுக்குள்ள கத்திரி எடுத்துட்டாங்க, அது வேலை செய்யவே அரை மணி நேரமாவது ஆகும்ல! கத்தின கத்து பக்கத்து வார்டு வரைக்கும் போயிருக்கும். கொடுமை என்னன்னா பிரிக்கறதுக்கு முன்னாடி "0லேர்ந்து 10க்குள்ள எவ்ளோ வலி"ன்னு கேட்டாங்க, 3ன்னேன், சார்ட்ல அன்னிக்கு பூரா 3தான். உரிக்கறப்ப 9 இருந்தத யாரு கேட்டா? டாக்டர்கிட்ட சொன்னதும் மறுநாள்லேர்ந்து பிரிக்கறப்பவும் கேட்டு எழுதினாங்க, மருந்தும் நேரத்துக்கு முன்னாடியே வந்துச்சு.

இன்னொரு குறை, கிராஃப்டுக்கு (வெந்த இடத்துல வேற இடத்து தோலை எடுத்து ஒட்டுறது) தோல் எடுக்கிற இடம் கிராஃப்ட் வச்ச இடத்தை விட அதிகமா வலிக்கும்னு ஒருத்தரும் சொல்லல. ஆழமா வெந்த இடம் மரத்துப்போய் கிடந்துச்சு, நல்லா இருந்த இடது தொடைதான் ரெண்டு நாள் தூங்க விடல.

இப்ப வலி போயி அரிப்பு. அதுக்கு கபாபென்டின்னு ஒரு நரம்பு மருந்து குடுத்திருக்காங்க, பகல்ல பரவால்ல, ராத்திரி போர்வை பட்டா இன்னும் சொறியத்தான் தோணுது.