மாலை ஆட்டத்துக்குக் காலையில் என்ன செய்வது: பளுவா, ஓட்டமா, ஓய்வா?

மாலையில் ஆட்டம் என்றால் காலையில் கால் நீட்டிப் படுத்திருப்பதுதான் பலருக்கும் வழக்கம். “தெம்பைச் சேர்த்து வை” என்பார்கள் பெரியவர்கள். ஆனால் காலையில் கொஞ்ச நேரம், ஆனால் முழு மூச்சாக உடலை உசுப்பிவிட்டால், 5, 6 மணி நேரம் கழித்து வேகமும் குதிப்பும் கூடுகின்றன என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்குப் பெயர் பிரைமிங். ஆட்டத்துக்குச் சற்று முன் செய்யும் வார்ம்-அப் வேறு. அதன் சூடு சீக்கிரமே ஆறிவிடும்.

சரி, காலையில் எதைச் செய்வது? ரக்பி வீரர்களை வைத்து நடந்த இரண்டு சோதனைகள் முட்டிக்கொள்வது இங்கேதான்.

2014இல் வெளியான ஒன்றில் பளுவுக்குத்தான் முதலிடம். ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது) இரண்டிலும், 3 முறைக்கு மேல் தூக்க முடியாத எடை வரை ஏற்றினார்கள். மாலையில் 40 மீட்டர் ஓட்டம் வேகமானது, தூக்கும் எடையும் கூடியது. 2016இல் வந்த இன்னொன்றில் ஓட்டம் முந்தியது: 6 முறை 40 மீட்டர் முழு வேகத்தில், நடுவில் 20 விநாடிதான் இளைப்பாறல்.

முரண்பாடு போலத் தெரிகிறது. ஆனால் இரண்டாவது சோதனையில் ‘பளு’ என்றது வெறும் பெஞ்ச் பிரஸ். ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 75 சதவீதம், 10 முறை வீதம் 5 செட். நெஞ்சையும் கையையும் களைக்க வைத்துவிட்டு, மாலையில் கால் துள்ளவில்லையே என்றால் எப்படி? அதை வைத்துப் பளுவைத் தள்ளிவிட மாட்டேன். கனமான எடை, குறைந்த எண்ணிக்கை, கால் தசைக்கு வேலை என்றால்தான் பளுவுக்கு நியாயமான போட்டி.

அதே சோதனையில் 6 விநாடி வீதம் சைக்கிளை வெறித்தனமாக மிதிப்பதும் இருந்தது. கணுக்கால் வலியுள்ளவருக்கு உதவும். மற்றபடி ஓட்டத்தை விட்டு இதற்குப் போகக் காரணம் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து பொழுது ஏற ஏற இறங்கும். காலைப் பயிற்சி அந்த இறக்கத்தை மட்டுப்படுத்தியது இரண்டு சோதனைகளிலும் தெரிந்தது. நரம்புகள் விழித்துக்கொள்வதும் காரணமாக இருக்கலாம். இரண்டிலுமே ஆட்கள் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம்.

என் தேர்வு ஓட்டம். செலவில்லை, கற்றுக்கொள்ள எதுவுமில்லை. ஸ்குவாட் பழகாதவர் ஆட்ட நாளில் அதைத் தொட்டால் தொடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வாராவாரம் கனமாகத் தூக்குபவருக்குப் பளுவே போதும். எதுவானாலும் முதலில் ஒரு பயிற்சி நாளில் செய்து, மாலையில் குதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் மின்னொளிக் கபடிக்கு மட்டும் ஒரு சிக்கல். ஆட்டம் இரவு 7 மணிக்கு என்றால் கணக்குப்படி பகல் 1 மணிக்கு ஓட வேண்டும். சித்திரை வெயிலில் அது நடக்காது. அன்றைக்கு நிழலில் இருக்கும் ஜிம்மே மேல். அப்புறம், 7 மணி ஆட்டம் 10 மணிக்குத் தொடங்கினால் இந்தக் கணக்கே மாறிவிடும்.