பல் கம்பியோடு இருபது மாத இரவுகள்: தாடை அறுவை சிகிச்சைக்கு முந்தைய தூக்கம் குறித்த என் அனுபவம்

எனக்குக் கீழ்த்தாடை பிறவியிலேயே சிறியது. பற்களைக் கடித்து மூடும்போது மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் இடையே முன்பின்னாக 8 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. தாடை அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமாக 2023 ஜூன் மாதத்தில் கம்பி கட்டிக்கொண்டேன். இருபது மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் மூன்று வாரங்களில் அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது. சாப்பாடு, பேச்சு, செலவு பற்றியெல்லாம் முன்கூட்டியே எனக்குச் சொன்னவர்கள் உண்டு. தூக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் நான் அதிகம் இழந்ததும் தூக்கத்தைத்தான் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதத் தூக்கமின்மைக்குக் காரணம் வலி மட்டுமே. கம்பி மாற்றிய சில மணி நேரத்தில் பற்கள் கூசத் தொடங்கும். மறுநாள் வலி உச்சத்துக்குப் போகும். ஐந்தாறு நாளில் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமையில் கம்பி மாற்றிக்கொண்டால் மோசமான இரண்டு இரவுகளும் விடுமுறை நாட்களில் கழிந்துவிடும் என்பதை மூன்றாவது மாதத்தில்தான் கண்டுகொண்டேன். வலிக்குப் பாராசிட்டமாலே போதும் என்றார் பல் சீரமைப்பு மருத்துவர். இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வதன் வேகம் குறையக்கூடும் என்பது அவர் சொன்ன காரணம். எனக்குத் தொடக்கத்தில் போட்டது நிக்கல் டைட்டானியக் கம்பி. அது குளிர்ச்சியில் இளகி வாயின் சூட்டில் விறைக்கும் வகையைச் சேர்ந்தது. நள்ளிரவில் வலி எழுப்பும்போது மண்பானைத் தண்ணீரை ஒரு வாய் வைத்திருந்து மெல்ல விழுங்கினால் சில நிமிடங்களுக்கு இறுக்கம் தளரும். அந்த இடைவெளியில் கண்ணயர்ந்துவிட முடியும்.

கம்பியின் முனை கன்னத்தைக் குத்துவதற்குப் பல் கம்பிக்கென்றே விற்கும் மெழுகு உதவியது, ஆனால் அதை வைக்கும் விதம் முக்கியம். எச்சில் ஈரத்தின் மேல் அப்பினால் அரை மணி நேரத்தில் கழன்றுவிடும். கைகளைக் கழுவிவிட்டு, கண்ணாடி முன் நின்று பிராக்கெட்டை, அதாவது கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் சிறு துண்டை, பஞ்சால் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். பட்டாணி அளவு மெழுகை விரல்களுக்கிடையே உருட்டி, அது இளகியதும் அழுத்தி வைத்தால் விடியும் வரை நிற்கும். தூக்கத்தில் கொஞ்சம் விழுங்கிவிட்டாலும் கெடுதல் இல்லை. பலமுறை நான் விழுங்கியிருக்கிறேன்.

இதுவரை சொன்னவை கம்பி கட்டிய எவரும் அறிந்தவைதாம். தாடை அறுவை சிகிச்சைக்காகக் கம்பி கட்டுபவர்களின் நிலை வேறு. தாடை பின்தங்கியிருந்தால், அந்தக் குறையை ஈடுகட்டக் கீழ் முன்பற்கள் காலப்போக்கில் முன்னோக்கிச் சாய்ந்துவிடுகின்றன. அவற்றை எலும்பின் மேல் நேராக நிறுத்தினால்தான் அறுவை சிகிச்சையில் தாடையை வேண்டிய அளவு முன்னே கொண்டுவர முடியும். அதற்காகக் கீழே இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுத்தார்கள். முன்பற்கள் பின்வாங்கின. 8 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 11 ஆயிற்று. அறுவை சிகிச்சைக்கு முன் கடி இன்னும் மோசமாகும் என்று மருத்துவர் முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்ததால் கண்ணாடியில் பார்த்தபோது நான் கலங்கவில்லை. ஆனால் இடைவெளி கூடியதால் உதடுகள் இரண்டும் முயன்று இழுத்து மூடினால்தான் சேரும் என்றாகிவிட்டது. விழித்திருக்கும்போது அந்த முயற்சியைச் செய்ய முடிகிறது. தூங்கும்போது யார் செய்வது?

ஐந்தாவது மாதம் முதல் வாய் திறந்தபடியே தூங்கினேன். விடியற்காலையில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கிடக்கும். உலர்ந்த உதட்டின் உட்புறம் பிராக்கெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவசரமாக வாயைத் திறந்தால் தோல் உரியும். தண்ணீரால் நனைத்து ஒவ்வொரு பிராக்கெட்டாக விடுவித்த காலைகள் பல உண்டு. அந்தச் சமயத்தில் எலாஸ்டிக் ரப்பரும் சேர்ந்துகொண்டது. கீழ்க் கோரைப்பல்லிலிருந்து மேல் கடைவாய்ப்பல்லுக்கு மாட்டிய ரப்பர், வாய் திறந்து கிடக்கும் இரவெல்லாம் அளவுக்கு மீறி இழுபட்டது. காலையில் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டு வலித்தது. நானாக ரப்பரைக் கழற்றி வைக்காமல் மருத்துவரிடம் சொன்னேன், அவர் விசை குறைந்த ரப்பராக மாற்றித் தந்தார். நாமே நிறுத்திவிட்டால் மாதக்கணக்கில் சிகிச்சை நீளும் என்பதால் இதில் சொந்த முடிவு எடுக்காதீர்கள்.

காலைத் தலைவலியும் பகல் தூக்கமும் அதிகரித்தபோது எல்லாவற்றுக்கும் கம்பியையே காரணமாக நினைத்தேன். இரவில் வலியால் விழிக்கிறேன், அதனால் பகலில் சோர்கிறேன் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். உறவினர் ஒருவர் கொடுத்த தூக்க மாத்திரையை இரண்டு இரவுகள் போட்டுப் பார்த்தேன். தலைவலி இரட்டிப்பானது. அது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பது பிறகுதான் புரிந்தது.

மாதம் ஒருமுறை கும்பகோணத்திலிருந்து எழும்பூருக்கு உழவன் எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம் செய்வது என் வழக்கம். 2024 மார்ச் மாதம் அப்படிப் போனபோது, எதிர்ப் படுக்கையில் இருந்த வயதான அம்மா ஒருவர் என்னைத் தோளைத் தொட்டு எழுப்பினார். அவர் முகத்தில் இருந்தது பயம். "தம்பி, உனக்குக் குறட்டை நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுப்பா. நான் எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். ஒருவாட்டி இருபது வரைக்கும் எண்ணிட்டேன். என் வீட்டுக்காரருக்கு இப்படித்தான் இருந்துச்சு, டாக்டர்கிட்ட காட்டிடு" என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் நன்றி முழுவதும் அவருக்கே உரியது.

அடுத்த வாரமே தூக்கப் பரிசோதனை செய்துகொண்டேன். வீட்டிலேயே செய்யும் வகை அது. மார்பில் ஒரு பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் ஆகியவற்றோடு ஓர் இரவு படுத்தால் போதும். ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை 10 நொடிக்கு மேல் மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்பதைக் கணக்கிடுகிறார்கள். 5-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. எனக்கு 22. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 82 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. தாடை பின்தங்கியிருந்தால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் தள்ளி நின்று, தூக்கத்தில் தசைகள் தளரும்போது மூச்சுப்பாதையை அடைக்கிறது. தசைகளை மேலும் தளர்த்தும் தூக்க மாத்திரை என் நிலையை மோசமாக்கியதற்கும் இதுவே காரணம் என்றார் மருத்துவர். மூச்சுத்தடை கம்பியால் வந்ததன்று, நெடுநாளாகவே இருந்திருக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. சிகிச்சை தொடங்கிய இடத்தில் என் தாடையை எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்தவர்கள், குறட்டை உண்டா என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

நடுத்தர நிலைக்குக் கீழ்த்தாடையை முன்னே பிடித்து வைக்கும் வாய்க்கருவி ஒரு வழி. ஆனால் அது பற்களின் அச்சுக்கு ஏற்பச் செய்யப்படுவது. மாதந்தோறும் பற்கள் நகர்ந்துகொண்டிருக்கும் வாயில், பிராக்கெட்டுகளின் மேல் அது பொருந்தி நிற்காது. அதனால், தூங்கும்போது முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் (CPAP) கருவிதான் எனக்கு வாய்த்தது. அதை மாத வாடகைக்கு எடுத்தேன்.

பத்து மாதப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். மூக்கை மட்டும் மூடும் முகமூடி எனக்குச் சரிப்படவில்லை. வாய் திறந்துகொள்வதால் காற்றெல்லாம் வாய்வழியே வெளியேறி, வறட்சி முன்னைவிட அதிகமாயிற்று. மோவாயைத் தூக்கிக் கட்டும் பட்டை ஏற்கெனவே பின்தங்கிய தாடையை இன்னும் பின்னால் தள்ளுவது போலிருந்ததால் ஒரே இரவில் கழற்றிவிட்டேன். வாயை டேப் போட்டு ஒட்டிக்கொள்ளச் சொன்னவர்களும் உண்டு. மூச்சுத்தடை உள்ளவர்கள் அதை மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடிதான் இறுதியில் பயன்பட்டது. அதன் விளிம்பு உதட்டை பிராக்கெட்டின் மேல் அழுத்தியதால் முதல் வாரம் வாய்ப்புண் வந்தது. முன்பற்கள் ஆறின் மேலும் மெழுகை ஒரே பட்டையாக நீட்டி ஒட்டிய பிறகு அந்தத் தொல்லை நின்றது. ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை (டிஸ்டில்டு வாட்டர்) மட்டுமே ஊற்றுகிறேன். எங்கள் தெருவில் இரவில் மின்சாரம் போவதுண்டு என்பதால் கருவியை இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்திருக்கிறேன். இரண்டாம் வாரத்திலேயே காலைத் தலைவலி போய்விட்டது. கம்பி மாற்றிய இரவுகளில் வலி இன்றும் இருக்கிறது, ஆனால் வலித்தாலும் தூங்க முடிகிறது.

இதில் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பரிசோதனை முடிவைக் கண்ட அறுவை சிகிச்சை நிபுணர் திட்டத்தையே மாற்றினார். கீழ்த்தாடையை மட்டும் முன்னே கொண்டுவருவதாக இருந்தது. இப்போது மேல்தாடையையும் சேர்த்து நகர்த்தப் போகிறார்கள், கீழ்த்தாடை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அளவுக்கு முன்னே வருமென்கிறார். அப்போது நாக்கின் பின்னாலும் அண்ணத்தின் பின்னாலும் மூச்சுப்பாதை விரியும். மயக்க மருந்து நிபுணரும் முதலில் கேட்டது அந்த 22 என்ற எண்ணைத்தான். மருத்துவமனைக்கு வரும்போது சிபாப் கருவியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். பற்களை மட்டும் பார்த்துத் திட்டமிட்டிருந்தால் முகம் சீராகியும் மூச்சு அடைபட்டே இருந்திருக்கலாம் என்பதால், கம்பி கட்டப் போகிறவர்கள் குறட்டை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் மூன்றில் எது இருந்தாலும் கேட்கப்படும் வரை காத்திராமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வாரம் தடித்த எஃகுக் கம்பியில் அறுவை சிகிச்சைக்கான கொக்கிகளைப் பொருத்திவிட்டார்கள். அவை கன்னத்தில் உரசுகின்றன, மெழுகு முன்னைவிட அதிகம் செலவாகிறது. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கருவி இல்லாமல் மறுபடியும் தூக்கப் பரிசோதனை செய்ய நாள் குறித்திருக்கிறோம். அந்த எண் எதுவாக இருந்தாலும் எழுதுகிறேன்.