மன்னிப்பு அறிக்கை எழுதித் தரும் சேவை: வேகம் சரி, தமிழ் சரியில்லை

நடிகரோ கிரிக்கெட் வீரரோ மேடையில் இனத்தையும் தோல் நிறத்தையும் இழுத்து வாய்விட்டு மாட்டிக்கொண்டால், மன்னிப்பு அறிக்கை தயாரித்துக் கொடுக்க மும்பையில் பிஆர் (மக்கள் தொடர்பு) நிறுவனங்கள் இருக்கின்றன. இழிவுபட்டது தாராவி, மாட்டுங்காத் தமிழர்கள் என்றால் தமிழிலும் தருவார்கள். வேகத்தில் குறையில்லை. தமிழுக்கு ஐந்தில் ஒன்றரை மதிப்பெண்தான்.

"என் பேச்சால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்." எந்த அறிக்கையைப் பிரித்தாலும் இந்த வரி இருக்கும். 'புண்பட்டிருந்தால்' என்றால் என்ன அர்த்தம்? 'மதராசி, கறுப்பன்' என்று ஏச்சு வாங்கியவனுக்கு வலித்ததா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. 'யாருடைய' என்பதில் அவன் பெயரும் போயிற்று. வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு. அடுத்த வீட்டுச் சாவுக்கும் வருந்தலாம். 'பேசப்பட்டது' என்று எழுதினால் இன்னும் மோசம், பேசிய ஆளே காணாமல் போகிறார். 'பேசினேன்' என்பதன் கடைசி 'ஏன்' விகுதியில்தான் பொறுப்பு இருக்கிறது.

இந்த மழுப்பலுக்குப் பாதிக் காரணம் வக்கீல். பிறப்பிடம், இனம், மொழி அடிப்படையில் பகை மூட்டினால் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் வழக்கு வரலாம். ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே என்று 'மன்னிப்பு' என்ற சொல்லை அடித்துவிடுகிறார்கள். ஆனால் மழுப்பினால் ஊர் ஆறுவதில்லை. யூதர்களை ஏசி மாட்டிக்கொண்ட ஹாலிவுட் நடிகர் மெல் கிப்சன் 2006 ஜூலையில் விட்ட முதல் அறிக்கையில் யூதர்கள் என்ற சொல்லே இல்லை. ஆகஸ்ட் 1ஆம் தேதி அவர்களையே விளித்து இரண்டாவது அறிக்கை விட வேண்டியதாயிற்று.

இடத்தேர்விலும் கவனம் போதாது. அதே 2006 நவம்பரில் அமெரிக்க நகைச்சுவை நடிகர் மைக்கேல் ரிச்சர்ட்ஸ், கறுப்பினத்தவரை ஏசியதற்கு டேவிட் லெட்டர்மனின் நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செயற்கைக்கோள் வழியாக மன்னிப்புக் கேட்டார். பார்வையாளர்கள் சிரித்தார்கள். சிரிக்காதீர்கள் என்று அங்கே விருந்தினராக வந்திருந்த சக நகைச்சுவை நடிகர் ஜெரி சைன்ஃபெல்டே சொல்ல வேண்டி வந்தது. சினிமா விளம்பரப் பேட்டியின் நடுவே மன்னிப்பைச் செருகும் யோசனை வந்தால் உடனே மறுத்துவிடுங்கள்.

சங்கத் தலைவர் ஒருவரைப் பிடித்துச் சால்வை போட்டுப் படம் எடுப்பதையும் சிலர் சேர்த்துத் தருகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஏச்சு வாங்கியவருக்குப் பதிலாக இன்னொருவர் மன்னிக்க முடியாது.

இந்தச் சேவையை எடுத்தே ஆக வேண்டுமென்றால், இங்கிலீஷிலிருந்து பெயர்க்காமல் தமிழிலேயே முதலில் எழுதச் சொல்லுங்கள். "தோல் நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசினேன். அது தவறு. தாராவித் தமிழர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." இவ்வளவு போதும். வெளியிடுமுன் தாராவியிலேயே இரண்டு பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.