வீட்டுக்கு வரும் பிசியோவுக்கு மொத்தமாக அட்வான்ஸ் கட்டாதீர்கள்

அம்மாவுக்கு 72 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்புக்கிட்ட தொடை எலும்பு உடைந்து, கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். காலை ஊன்றலாம், தினமும் வாக்கரைப் பிடித்து நடக்கவிடுங்கள் என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுக்கே பிசியோ அனுப்பும் ஓர் இடத்தில் 30 நாள் பேக்கேஜுக்கு 18,000 ரூபாய் முழுசாக முன்பணம் கட்டினேன். வந்த பையன் காலில் நாலு பட்டையை ஒட்டி, கரண்ட் மிஷினை ஆன் பண்ணிவிட்டு இருபது நிமிஷம் போன் பார்ப்பான், அப்புறம் ஏதோ எண்ணெய் தேய்த்துவிட்டுக் கிளம்பிவிடுவான். அம்மாவுக்கும் நடக்கப் பயம், அதனால் "தம்பி வந்துட்டுப் போனா வலி குறையுதுடா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன்.

பதினாறாவது நாள் லீவு போட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. வாக்கர் கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அடிபட்ட கால் மற்றதைவிட மெலிந்து, தொடைச் சதை தொட்டால் தொளதொளவென்று இருந்தது. வயதானவர்கள் படுத்தே கிடந்தால் சதை வேகமாகக் கரையும், காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். இதெல்லாம் தெரியாத ஒருவரிடம் அம்மாவை விட்டிருக்கிறேன். "என்னப்பா படிச்சிருக்க?" என்றால் ஏதோ ஆறு மாச கோர்ஸாம். பிசியோதெரபி பட்டமான பி.பி.டி. நாலு வருஷத்துக்கு மேல் படிக்க வேண்டிய படிப்பு. ஆபீஸுக்குப் போன் போட்டால், கட்டின பணம் திரும்ப வராது என்று வைத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் செய்த டாக்டரிடமே திரும்பப் போனோம். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கிப் படித்தார். முந்தைய ஆள் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்தார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னார். பிறகு நிற்க வைத்து, வாக்கர் முதலில், அடுத்து அடிபட்ட கால், கடைசியில் நல்ல கால் என்று கூடவே நடந்தார். "கரண்ட் வலியைத்தாம்மா குறைக்கும், நீங்கதான் நடக்கணும்" என்று அம்மாவிடமே சொன்னார். மூன்று வாரத்தில் அம்மா வாசல் வரை போகிறார்.

வீட்டுக்கு யாரை வரவழைத்தாலும் பி.பி.டி. சான்றிதழைக் கேளுங்கள், அன்றன்றைக்கே பணம் கொடுங்கள், முதல் இரண்டு நாள் பக்கத்திலேயே இருங்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பிசியோ செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் சொல்வார்கள், எனக்கு இது பணம் போன பிறகுதான் தெரிந்தது.