இன்லைன் ஸ்கேட்டிங் ஷூ: 14 மாதம், 16 பேரிங், காரைக்குடிச் செம்மண்

14 மாதத்துக்கு முன் 2,800 ரூபாய்க்கு வாங்கிய அதே ஸ்கேட்டிங் ஷூ இப்போது 1,900-க்குக் கிடைக்கிறது. விலை இறங்கியதும் தேவகோட்டை மச்சானிடமிருந்து வாட்ஸ்அப்: "மாப்ளே, பயலுக்கு வாங்கிரவா?" செய்தி வந்த நேரம் சரியில்லை. பின்கட்டில் பழைய பேப்பர் மேல் 16 பேரிங்கும் பிரித்துக் கிடக்கின்றன, கை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் அதுதான் காரணம்.

ஷூவுக்கு நாலு வீல், அளவு கூட்டிக் குறைக்கிற ரகம், ஓட்டுகிறவள் ஆறு வயசுப் பாப்பா. மற்ற விவரமெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது.

ஷூவைக் குறை சொல்ல வாய் வராது. கணுக்காலைப் பிடிக்கிற பிளாஸ்டிக் கூடு இன்னும் விரியவில்லை. பல் வைத்த பக்கிள் ஒரு நாள்கூட வழுக்கவில்லை. பக்கத்துப் பொத்தானை அமுக்கி இழுத்தால் முன்பக்கம் நீள்கிறது. இதுவரை ரெண்டு நம்பர் ஏற்றியாகிவிட்டது. உள்ளே இருக்கிற லைனரைக் கழற்றித் துவைக்கலாம், ஆனால் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் ஒட்டு விட்டுப்போகிறது. அளவு எடுக்கும்போது குதிகால் சுவரில் பட நிற்கவைத்து, பெருவிரல் நுனிவரை சென்டிமீட்டரில் அளந்து வாங்குங்கள். பள்ளிக்கூட ஷூ மாதிரி "அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்" என்று பெரிசாக எடுத்தால் குதிகால் உள்ளே ஆடும், கணுக்கால் உட்பக்கம் மடியும், பிள்ளை "கால் வலிக்குதுப்பா" என்று பத்தாவது நிமிஷமே உட்கார்ந்துவிடும்.

கூட வந்த முட்டிப் பேடு, முழங்கைப் பேடு தண்டம். ரெண்டே மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்து கொலுசு மாதிரி கணுக்காலுக்கு இறங்குகிறது. மணிக்கட்டுக் காப்பு மட்டும் நல்லதாகத் தனியே வாங்குங்கள். விழுகிற பிள்ளை கையைத்தான் முதலில் ஊன்றும்.

இனி பேரிங். வீலுக்கு ரெண்டு, ஆக 16. அளவு 608: உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. பெட்டியில் கொட்டை எழுத்தில் "ஏபெக் 7" என்று போட்டிருக்கும். அது எவ்வளவு துல்லியமாகக் கடைந்தார்கள் என்பதற்கான கணக்கு. மண்ணைத் தாங்குமா, மழையைத் தாங்குமா என்பதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 20 கிலோ எடைகூட இல்லாத பிள்ளைக்கு அந்தத் துல்லியம் எதற்கு? அந்தக் காசில் ரப்பர் மூடி போட்டுத் தந்திருக்கலாம். இதில் வருவது ரெண்டு பக்கமும் தகர மூடி போட்ட 608 இசட்இசட். மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. நம் பக்கத்துச் செம்மண் தூளுக்கு அந்த இடைவெளி ராஜபாட்டை.

ரோட்டில் நாலு நாள் ஓட்டினாலே 'கரகர' ஆரம்பித்துவிடும். ஷூவைக் கவிழ்த்து ஒவ்வொரு வீலாகக் கையால் சுண்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் உள்ளே மண். சத்தமே இல்லாமல் சட்டென்று நின்றால் ஸ்க்ரூவை அதிகம் முறுக்கியிருக்கிறீர்கள். இந்த ஷூவில் ரெண்டு பேரிங்குக்கும் நடுவே வருகிற ஸ்பேசர் பிளாஸ்டிக், அழுத்தினால் நசுங்கிக்கொடுக்கிறது. வீல் தாராளமாகச் சுற்றவேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக மட்டும் அசையவேண்டும், அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

சுத்தம் செய்கிற முறை: 4 மில்லிமீட்டர் ஆலன் கீயை (அறுகோண முனைச் சாவி) முழுசாக உள்ளே இறக்கிவிட்டுத் திருப்புங்கள், அரைகுறையாக மாட்டினால் ஸ்க்ரூ தலை வழுவழுவென்று ஆகிவிடும், பிறகு லேத்துப் பட்டறைதான். வீலைக் கையில் எடுத்து, கீயின் முனையை உள்ளே சாய்த்து எதிர்ப்பக்கப் பேரிங்கை நெம்பினால் வந்துவிடும். தகர மூடியை வளையக் கம்பி பிடித்திருந்தால் அதன் நுனியைக் குண்டூசியால் கிளப்புங்கள். கம்பி குதித்து ஓடும், கைக்குட்டையை மேலே போட்டுக்கொள்ளுங்கள். கம்பி இல்லாமல் மூடியையே அழுத்தி அடைத்திருந்தால் பிரிக்க முடியாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாற்றுவதுதான் வழி. என் 16-ல் 9 இந்தக் கடைசி ரகம். ஒரே ஷூவில் ரெண்டு ரகம் எப்படி வந்தது என்று தயாரித்தவர்களுக்கே வெளிச்சம்.

பிரித்ததை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் குலுக்குங்கள். செம்பழுப்பாக இறங்கும். தெளிகிறவரை ரெண்டு மூணு தடவை மாற்றவேண்டும். துணியில் ஒற்றி நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, அதிகம் போனால் ரெண்டு. தேங்காய் எண்ணெய் ஆகாது. மண்ணோடு சேர்ந்து பிசினாகும், மார்கழியில் உறைந்தும் போகும். தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்தால் மறுநாள் துருதான்.

காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் மோட்டார் பேரிங் விற்கிற கடையில் "608 ரப்பர் மூடி" என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். ஒன்று 50 ரூபாய். உள்ளே கெட்டி கிரீஸ் இருப்பதால் வீல் மெதுவாகத்தான் சுற்றும். பழகுகிற பிள்ளைக்கு அதுவே நல்லது. மாற்றியவற்றில் இதுவரை ஒன்றுகூடக் கரகரக்கவில்லை.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. எங்கள் செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவு! முற்றத்தைச் சுற்றிக் கல்தூண், தூணுக்கும் அறைகளுக்கும் நடுவே நாலு பக்கமும் வழுவழுப்பான ஆத்தங்குடி ஓடு பதித்த தரை. ஸ்கேட்டிங்குக்கென்றே போட்ட மாதிரி. பாலியூரிதேன் வீல் அதில் சத்தமில்லாமல் போகிறது, பேரிங்குக்கும் மண் பயமில்லை. முற்றத்து விளிம்பில் பெஞ்சை நீளவாக்கில் போட்டு, மூலைத் தூண்களில் பழைய மெத்தையைக் கட்டிவிட்டால் போதும். தரைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்த அன்று மட்டும் ஷூவைப் பரணில் ஏற்றிவிடுங்கள், வீல் வாரிவிடும்.

பின்னால் இருக்கிற பிரேக் கட்டையையும் கழற்றிவிடுங்கள். அது கறுப்பு ரப்பர், பூப்போட்ட தரையில் கோடு கோடாக இழுத்து வைக்கும். அப்பத்தாவுக்கு யார் பதில் சொல்வது? வளவுக்குள் நிற்க, காலை அகட்டி முன்பக்கத்தை உள்ளே திருப்புகிற நிறுத்தம் போதும். தெருவுக்குப் போகும்போது கட்டையைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

அப்பத்தாவின் இன்னொரு புகார், பிள்ளை முற்றத்தை அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறது என்பது. ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் எல்லோரும் இடப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ரிலேயில் வெண்கலம் வாங்கிய நம்ம சென்னை ஆனந்த்குமார் வேல்குமாரும் அப்படித்தான் என்று வீடியோ காட்டினால், "அவுக ஊர்ல கோயில் இல்லையாக்கும்" என்கிறார். ஒரே பக்கம் சுற்றினால் வீலும் ஒரே பக்கம்தான் தேயும்: வலது காலில் உள்பக்கம், இடது காலில் வெளிப்பக்கம். அதனால் மாதம் ஒரு தடவை முதல் வீலை மூணாவது இடத்துக்கும், ரெண்டாவதை நாலாவது இடத்துக்கும் மாற்றுங்கள், தேய்ந்த பக்கம் மறுபுறம் வரும்படி. பாதிச் சுற்றுகளை வலமாகவும் விட்டால் வீலுக்கும் நல்லது, அப்பத்தாவுக்கும் நிம்மதி.

மச்சானுக்கு வருவோம். விலையில் குறைந்தது 900. 16 ரப்பர் மூடி பேரிங் 800. கணக்குப் பார்த்தால் பழைய விலைக்குச் சரியான ஷூ கிடைத்த மாதிரி, நூறு ரூபாய் மிச்சமும் உண்டு. ஷூ நல்ல ஷூ, அதையும் சொல்லிவிட்டேன். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் மச்சான். 2,800 வாங்கிக்கொண்டு அரிசி ஆலைக்காரன் போடுகிற ரப்பர் மூடி பேரிங்கைக்கூடப் போடாதவனுக்கு இன்னொரு வீட்டுக் காசு போகவேண்டாம். நாளைக்குக் கேட்டுப் பாருங்கள். இடது ஷூவில் மூணாவது வீல் இன்னும் முனகுகிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன்.